டிசம்பர் பூவும் கஸ்தூரி சென்ட்டும்

முத்துப்பேட்டையில் மார்கழிப் பனிக்கு மல்லிகை கிடைக்காது. வாசனையே இல்லாத டிசம்பர் பூவைத்தான் தலையில் வைப்போம். துபாயில் சென்ட் கடையில் வேலை பார்த்த என் கணவர் அனுப்பிய கஸ்தூரி சென்ட்டைக் கழுத்தில் தொட்டுக்கொள்வேன். முதலில் ஏதோ வெள்ளைப் பூ மாதிரி சில்லென்று இருக்கும். உடம்புச் சூடு ஏறியதும் பக்கத்தில் ஆள் படுத்திருப்பது போல மணக்கும். அவர் போனில் கூப்பிடும் நாளில் எஸ்.டி.டி. பூத்துக்குக்கூட அதைப் பூசிக்கொண்டுதான் போவேன்.

ஒரு மார்கழியில் லீவில் வந்தார். ஆசையாகப் பூசிக்கொண்டு பக்கத்தில் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குளிச்சிட்டு வாயேன். கடையிலயே நிக்கிற மாதிரி இருக்கு."

அனுப்பியவரே அவர்தான். அந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போனார். நான் எப்போதும் போல அந்த மணத்தோடு படுத்துக்கொண்டேன்.