டீச்சரம்மா பார்க்காத முந்திரி மரம்

பழமரம் ஒன்றையும் அதன் பயன்களையும் விவரித்து எழுதச் சொல்லி மலையாளப் பரீட்சையில் கேட்டிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து நாங்கள் மலையாளச் சீமையில் கரமனைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலையாளத்தில் தேறினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் வீட்டோடு இரு என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் முந்திரி மரத்தைப் பற்றி எழுதினேன்.

பார்த்துப் பழகிய மரம். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும், அதன் தோலில் உள்ள பால் பட்டால் கை வெந்துபோகும், பழத்தைத் தின்றால் தொண்டை கமறும், சுட்டு உடைத்த பருப்பை நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடலாம், காய்ந்த கிளை அடுப்புக்கு ஆகும். என் ஓட்டை மலையாளத்தில் இவ்வளவும் எழுதினேன்.

இந்த ஊரில் முந்திரி என்றால் திராட்சையாம். எனக்கு யார் சொன்னார்கள்?

டீச்சரம்மா என் விடையை வகுப்பில் உரக்கப் படித்தாள். "முந்திரி வள்ளியிலல்லே? நீ எவிடெ கண்டு முந்திரி மரம்?" என்று, கொடியில் காய்ப்பதை நான் மரத்தில் ஏற்றிவிட்டதுபோலக் கேட்டாள். எங்கள் ஊரில் என்றேன். "ஓ, பாண்டியில் மரத்திலாயிரிக்கும்" என்றாள். பாண்டி என்று இளப்பமாகச் சொல்வது எங்கள் தமிழ்ச் சீமையை. வகுப்பே சிரித்தது. பூஜ்யம் போட்டாள். அதனாலேயே மலையாளத்தில் தேறாமல் போனேன். கொட்டை வெளியே தொங்கும் என்று எழுதியிருக்கிறேனே, எந்தத் திராட்சையில் அப்படித் தொங்குகிறது? ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது, மலையாளம் வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "நீ எழுதினது சரிதாண்டி" என்றார். அப்படியானால் வந்து டீச்சரிடம் சொல்லுங்கோ என்றேன்.

"ஒரு பொம்மனாட்டியோட போய் மல்லுக்கு நிக்கச் சொல்றயா? போட்ட மார்க் போட்டதுதான்."

சரி என்று சொன்ன அதே வாயால் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார். தப்பு என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்த வைகாசியிலேயே எனக்குக் கல்யாணம். டீச்சரம்மாவும் வந்திருந்தாள். பந்தலோரம் அவளுக்குத் தனியாக இலை போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பினாள். போனால், பாயசத்திலிருந்து பருப்பைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கிறாள். கல்யாணப் பெண் வாயைத் திறக்கக் கூடாதாம். திறந்தேன்.

"இதான் டீச்சர், முந்திரி."

விரலிடுக்கில் இருந்த பருப்பைப் பார்த்தாள். "அய்யோ, பறங்கியண்டியோ? முன்பே பறயண்டே குட்டீ" என்று சிரித்தாள். முந்திரிக்கொட்டைக்கு இங்கே பறங்கியண்டி என்று பேராம்; முன்னமே சொல்லக் கூடாதா என்கிறாள்.

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னாள்.