டீசல் டாங்கிக்குப் போட்ட பூட்டு

இன்று மச்சானின் நெல் லொறியில் நானும் ஏறிக்கொண்டேன். சாரதி றபீக்கை இன்றோடு வேலையை விட்டு நிறுத்தப்போவதாக மச்சான் சொல்லியிருந்தார். அதை நேரில் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் டீசல் களவு போகிறதென்று சந்தேகப்பட்டு, மச்சான் டாங்கிக்குப் பூட்டு வைத்த புது மூடி வாங்கிப் போட்டார். அதிலிருந்து லொறி ஓடும்போதே நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் பில்டரை மாற்றியும் சரிவரவில்லை.

"பூட்டுப் போட்ட கோவத்துல வேணுமெண்டு நிப்பாட்டுறான்" என்பது மச்சானின் முடிவு.

சாகாமத்திலிருந்து வரும்போது லொறி அட்டாளைச்சேனையில் நின்றது.

"ஹாஜியார், சாவி உங்கட இடுப்புலதானே. டீசல் இருக்கா எண்டு நீங்களே பாருங்க" என்றார் றபீக்.

மச்சான் பூட்டைத் திறந்ததும் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. டீசல் நிறைய இருந்தது. லொறி உடனே ஸ்டார்ட் ஆனது.

மூடியைப் பூட்டிவிட்டு லொறியைக் கிளப்பினோம். நிந்தவூரில் மறுபடி நின்றது. திறந்ததும் அதே சத்தம்.

றபீக் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "பழைய மூடியில காத்துப் போக ஓட்டை இருந்திச்சு. இதுல இல்ல. டாங்கிக்கு மூச்சு முட்டுது, ஹாஜியார்."

மூடிக்குப் பதில் துணியைக் கட்டிக்கொண்டு கல்முனை வரை நிற்காமல் வந்தோம்.

"டாங்கி திறந்து கிடக்கு. ராவைக்கு நீங்களே காவல் படுங்க" என்றார் றபீக்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "வா றபீக், டீ குடிப்பம்."

மன்னிப்பு வெளியே வர, மச்சானுக்கு எங்கே ஓட்டை போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.