வாறுகால் இல்லாத தெரு

பாளையம்பட்டிப் பக்கம் பிளாட்டு போட்டபோது முதலில் வீடு கட்டியவர்கள் நாங்கள்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். எங்கள் கொல்லைக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறியது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வீடு கட்டியது அந்தத் தண்ணீரில்தான், குடித்ததும் அதைத்தான். நாங்கள் யாரையும் தடுக்கவில்லை.

வந்த ஒவ்வொருவரும் பேஸ்மட்டத்தை முந்தைய வீட்டைவிட உயர்த்தியே கட்டினார்கள். தாழ்ந்த வீடு விளங்காதாம். லோடு லோடாக மண்ணடித்ததில் பக்கத்து ஓடையும் மூடிப்போனது. தொண்ணூறுகள் பிறந்தபோது தெருவிலேயே பள்ளத்தில் கிடந்தது எங்கள் வீடுதான்.

என் வீட்டுக்காரர் வாசல் வாசலாகப் போய்க் கேட்டார். "ஆளுக்கு ஒரு முழம் எடம் விடுங்க. வாறுகால் கட்டிட்டா மழைத்தண்ணி கம்மாய்க்குப் போயிரும்."

எதிர்வீட்டுக்காரி எங்கள் கிணற்றில் இறைத்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சிரித்தாள். "மழ எங்கண்ணே பெய்யுது இங்க? வாறுகாலு ஒண்ணுதேன் கொறச்சலு!"

தெருவே சேர்ந்து சிரித்தது. ஒருத்தரும் இடம் விடவில்லை. அந்த முழத்திலும் கக்கூஸ் கட்டிக்கொண்டார்கள், மகராசர்கள்.

ஒரு ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. மேட்டு வீடுகளின் தண்ணீர் மொத்தமும், கக்கூஸ் குழிகளையும் அரித்துக்கொண்டு, எங்கள் கொல்லையில் இறங்கியது. கிணறு நிரம்பி நாறியது. மோட்டார் வைத்து இறைத்தோம், பிளீச்சிங் பவுடரைக் கொட்டினோம். இறைக்க இறைக்க அதே நாற்றம். இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல என் வீட்டுக்காரர் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

தப்பு தங்கள் மேல்தான் என்று தெருவில் ஒருத்தராவது வந்து சொன்னார்களா? மூச்! எதிர்வீட்டுக்காரி மட்டும் வந்தாள், காலிக் குடத்தோடு. கிணற்றை எட்டிப் பார்த்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அடக் கொடுமையே! நல்ல தண்ணியக் காபந்து பண்ணத் தெரியாமப் பாழாக்கிப்புட்டீகளே மதினி. இனி நாங்க குடிதண்ணிக்கு எங்க போறது?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. திட்டி என்ன பிரயோசனம்? மறுநாள் லாரித் தண்ணீர் வந்தபோது, அவளுக்குப் பின்னால் நானும் குடத்தோடு வரிசையில் நின்றேன்.