தீ வைக்க ஒரு தேதி

சோளம் அரைக்கிற மில் வாசலில் யாராவது சீழ்க்கை அடித்தால் நசாரியோ சிதுக் அங்கேயே நின்றுவிடுவார். "வாய மூடுய்யா. காத்த இப்பவே செலவழிச்சுட்டா மே மாசத்துக்கு எங்க போறது?" அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். ரேடியோவில் வானிலை சொல்லும்போது பிடிக்கவில்லை என்றால் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்.

காற்று எதற்கு? தீக்கு. எங்கள் யுகத்தான் காட்டில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. பனிக்காலத்தில் புதரை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, மழைக்குச் சற்று முந்தி எரித்து, அந்தச் சாம்பலில்தான் மக்காச்சோளம் ஊன்றுகிறோம். பிந்திப்போய்ப் புதர் நனைந்துவிட்டால் அந்த வருஷம் சோளம் கிடையாது. எரிக்கிற அன்று நிலத்தின் ஓரத்தில் நின்று சீழ்க்கை அடித்துக் காற்றைக் கூப்பிடுவோம். நசாரியோ கூப்பிட்டால் உடனே வரும் என்று ஊரில் பேச்சு. முன்பல் ஒன்று விழுந்த பிறகுதான் அந்தப் பெயர் வந்தது என்பாள் அவர் மனைவி எவாரிஸ்தா.

போன வருஷம் எல் நினோ. பசிபிக் கடல் சூடேறி, மழை ஜூலை வரை எட்டிப் பார்க்கவில்லை. ஊன்றிய விதையை எறும்பு தின்றது. இந்த வருஷம் கடல் ஆறிவிட்டது. ஆறினால் மழை முந்தும், இது தெரியாதவன் எங்களில் இல்லை. ஆனால் எரிக்கும் நாளை வேளாண் அலுவலகம்தான் குறித்துக் கொடுக்கிறது. எங்கள் ஊருக்கு மே இருபத்தைந்து. மீறினால் விதை கொடுக்கிற பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

மே மாதம் பிறந்ததும் நசாரியோ சிறகு முளைத்த எறும்புகளை ஒரு ஜாம் புட்டியில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அடுத்த நிலத்துக்காரன் என்பதால் நானும் போனேன். வேளாண் அதிகாரி ராமிரோ எஸ்கலாந்தேயின் மேசையில் புட்டியை வைத்தார்.

"இஞ்சினியரய்யா, இதப் பாருங்க. மூணு வாரத்துல மழை இறங்கும். பதினஞ்சாம் தேதி எரிக்க விடுங்க."

"தோன் நசாரியோ, காலண்டர் ஜனவரியிலயே அச்சாயிருச்சு. காடு காஞ்சு கிடக்கு. தீ ஊருக்குள்ள வந்தா யாரு பொறுப்பு?"

"போன வருஷமும் இதே தேதிதான போட்டீங்க?"

"எல்லா வருஷமும் அதான்."

"அப்ப கடலுக்கும் ஒரு காலண்டர் அனுப்பி வைங்க."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். எஸ்கலாந்தே கெட்ட மனிதர் இல்லை, பெரியவர்களை மரியாதையாகத் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார். ஆனால் அவர் தட்டில் தோர்த்தியா ரொட்டி விழுவதற்கு மழை தேவையில்லை.

திரும்பி வரும் வழியில், "ராவோட ராவா தீ வச்சிரலாமா?" என்று கேட்டேன். நசாரியோ என்னைத்தான் முறைத்தார். "என் நிலத்துல நான் ஏன்யா திருடணும்?"

பத்தொன்பதாம் தேதி மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. வெட்டிப் போட்ட புதரெல்லாம் ஊறிப்போய், கீழேயிருந்து பச்சைத் துளிர் கிளம்பிவிட்டது. அவர் நிலமும் போயிற்று, என் நிலமும் போயிற்று. ஜாம் புட்டி மட்டும் இன்னும் அந்த மேசையில் இருக்கிறதாம், அதில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறார்களாம்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் எஸ்கலாந்தே சட்டப்படி மேற்பார்வைக்கு வண்டியில் வந்து இறங்கினார். "என்ன தோன் நசாரியோ, இன்னும் வைக்கலையா? இன்னிக்குத்தான உங்க நாள்?"

கத்தித் தீர்ப்பார் என்று நினைத்தேன். ஆனால் நசாரியோ தீப்பெட்டியையும் மண்ணெண்ணெய்த் துணி சுற்றிய கொம்பையும் கொண்டுவந்து அதிகாரியின் கையில் வைத்தார்.

"தேதி உங்களோடது. தீயையும் நீங்களே வைங்க."

நாங்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். எஸ்கலாந்தேக்கு வேறு வழியில்லை. குனிந்து பற்ற வைத்தார். துணி எரிந்து தீர்ந்தது. புதர் புகைந்தது, அவ்வளவுதான். இன்னொரு துணி கேட்டார். அதையும் கொடுத்தார் நசாரியோ. பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிழக்கே திரும்பி, அந்த அதிகாரிக்காகக் காற்றைக் கூப்பிட்டுச் சீழ்க்கை அடிக்கத் தொடங்கினார்.