பந்தைக் காணோம்

ஸ்டுடியோவில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வெளிச்சம் போதாத இடத்தில் எடுத்த வீடியோவில் கொசு மொய்ப்பதுபோலப் புள்ளிகள் ஊறுமே, அவற்றை நீக்குவது அவள் வேலை. இருட்டு மண்டபமோ மங்கலான மாடிப்படியோ, எதைக் கொடுத்தாலும் மறுநாள் துடைத்த கண்ணாடியாகத் திரும்பி வரும். பதினாறு வருஷமாக இதேதான். வீட்டிலும் சும்மா இருக்க மாட்டாள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்காமலே கழற்றித் துடைத்து மாட்டிவிடுவாள்.

“என் கையைத் தாண்டிப் போற படத்துல ஒரு புள்ளி இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்” என்பாள்.

“அதான் நாங்களே மாத்திட்டோமே” என்பார் முதலாளி.

அன்று படம் கொண்டுவந்தவன் கூடப்பிறந்த அண்ணன். அவன் மகள் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவள். பெரிய பயிற்சி முகாம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ மாலை ஐந்து மணிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

அண்ணன் உள்ளரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி ஜூம் போட்டு எடுத்திருந்தான்.

“ஏண்ணா, எழுந்து முன்னாடி போய் எடுத்தா கால் தேஞ்சிடுமா?”

“போனா பொண்ணு முறைக்கிறா. நான் பக்கத்துல நின்னா சர்வீஸே விழாதாம்.”

“அதுக்காக இப்படியா? மணலை வாரி இறைச்ச மாதிரி இருக்கு.”

“இறைச்சது நான், அள்ள வேண்டியது நீ. தங்கச்சின்னு வேற எதுக்கு இருக்கே?”

அவள் வழக்கப்படி நிதானமான இடம் ஒன்றைத் தேடினாள். ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்தது தொடங்குமுன் அண்ணன் மகள் நின்று உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிற இடம். கன்னம் தெளிகிறவரை துடைக்கும் அளவை ஏற்றினாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடி இழை இழையாகப் பிரிந்ததும் திருப்தி. அதே அளவை முழு ஆட்டத்துக்கும் போட்டு ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரம் உறுமி, நாலு பத்துக்கு முடித்தது. அதற்குள் அண்ணன் மகளும் பையோடு வந்து சேர்ந்தாள். மூவரும் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள்.

சுவர் நேற்று சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. பின்வரிசைக்காரரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அண்ணன் தொடையைத் தட்டினான். “தங்கச்சின்னா தங்கச்சிதான்!”

“அத்தை,” என்றாள் மகள் மெதுவாக, “பந்து எங்கே?”

திரையில் இரண்டு பெண்கள் வெகு மும்முரமாகக் காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாய்ந்தாள், மற்றவள் குனிந்தாள். எதற்கென்று தெரியாமல் கூட்டம் கைதட்டியது. பலகையில் பாயிண்ட் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

“வேகமாப் போகுதில்ல, அதான் கண்ணுக்குத் தெரியல” என்றான் அண்ணன்.

“ஆடினது நான்ப்பா.”

சல்லடைக்குக் காது சூடேறியது. வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அந்த மென்பொருள் வேலை செய்யும். ஒரே இடத்தில் இருப்பதை நம்பும்; ஒரு படத்தில் தலைகாட்டி அடுத்ததில் இல்லாமல் போவதைப் புள்ளி என்று அழித்துவிடும். பந்து எந்தப் படத்திலும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் அவள் துடைத்ததெல்லாம் மேடையில் நிற்கிறவர்களையும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களையும்தான். அவர்களில் யாரும் பறந்ததில்லை.

மணி நாலு இருபது. மறுபடி ஓடவிட நேரமில்லை. ஒரு நிமிஷத் துண்டை மட்டும் எடுத்து அளவைக் குறைத்துப் பார்த்தாள். பந்து புகைபோல வந்து போனது. இன்னும் குறைத்தாள். பந்துக்கு வால் முளைத்தது.

“மேஜையை மட்டும் விட்டுட்டு சுவத்தைத் துடைச்சுத் தரேன். கொஞ்சம் பொறு.”

“சுவத்தை யாரு அத்தை பார்க்கப் போறாங்க? நான் காலை எப்படி வைக்கிறேன், பந்தை எப்படித் திருப்புறேன், அதைத்தானே பார்ப்பாங்க? அப்பா எடுத்ததையே அனுப்பிடுங்க.”

“அந்த மணலையா? என் கம்ப்யூட்டர்ல இருந்தா?”

“சாயங்காலம் உன் பேரை மாத்திக்கலாம், இப்ப அனுப்பு” என்றான் அண்ணன்.

அவள் அவனை முறைத்தாள். பிறகு தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, துடைக்காத படத்தை அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். நாலு முப்பத்தைந்து. நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு நாலு என்று நகர்ந்தது.

சும்மா உட்கார முடியாமல் அதே படத்தைப் பக்கத்துத் திரையில் ஓடவிட்டார்கள். புள்ளிகளுக்கு நடுவே பந்து பறந்தது. பத்துக்குப் பத்தில் எதிராளி அடித்த பந்து மேஜையைத் தாண்டிப் போக, நடுவர் எதிராளி பக்கம் கை காட்டினார்.

“அநியாயம்! வெளியே போன பந்து!” என்று எழுந்தேவிட்டான் அண்ணன்.

“அவுட்டுதான் அத்தை. அன்னைக்கே சொன்னேன், யாரும் கேக்கல.”

சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே ஒன்றில் விரலை வைத்தாள். “இது புள்ளி. இது புள்ளி. இது பந்து. மேஜை விளிம்புல பட்டுத்தான் போயிருக்கு. நடுவர் சொன்னது சரி.”

“நீங்க யார் பக்கம் அத்தை?”

“இன்னொரு தடவை போடு, எங்க பட்டதுன்னு காட்டு” என்றான் அண்ணன்.

காட்டினாள். அவன் ஒப்பவில்லை. மறுபடி காட்டினாள். இந்த ரகளையில் படம் நாலு ஐம்பத்தொன்றுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதையும், ‘கிடைத்தது’ என்று பதில் வந்திருந்ததையும் ஐந்து மணி தாண்டித்தான் கவனித்தார்கள்.

ஒன்பதாம் நாள், மகளை முகாமில் சேர வரச்சொல்லி அழைப்பு வந்தது. அண்ணன் போனில் கத்தியது ஸ்டுடியோ வாசல்வரை கேட்டது.