காலில் மஞ்சள் துணி கட்டிய சேவல்

போன வாரம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள், ஏதோ ஒரு ஊரில் கோழிகளைப் பிடித்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு இயந்திரம் குழி தோண்டிக்கொண்டிருந்தது. கோழிக்குக் காய்ச்சலாம். "சாப்புட்ற நேரத்துல இன்னாத்தப் பாத்துக்கினு கீற, மாத்து" என்றாள் என் மனைவி. மாற்றினேன். எங்கள் வீட்டில் ரிமோட் என் கையில் இருக்கும், அதிகாரம் வேறு இடத்தில் இருக்கும். ஆனால் பாட்டு நிகழ்ச்சிக்கு மாறிய பிறகும் மூக்கில் ஒரு வாசனை நின்றுகொண்டே இருந்தது. டிவியில் வாசனை வராது என்று எனக்கும் தெரியும். ஈரச் சாம்பலும் கோழி எச்சமும் வேப்பிலைப் புகையும் கலந்த வாசனை. பூந்தமல்லிப் பக்கம் நூம்பலில் என் அக்கா வீட்டுக் கொல்லைக்கு மட்டும்தான் அந்த வாசனை உண்டு.

எழுபதுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிதில், அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமாவுக்கு ஆவடிப் பக்கம் வேலை. அவருடைய அப்பா வரைக்கும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மாமாதான் முதன்முதலில் சங்கு ஊதினால் வேலைக்குப் போகிற ஆள். வீட்டில் இருந்ததே ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. எனக்குப் பின்பக்கச் சார்ப்பில் இடம். என் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் கோழிக்கூண்டு. ஆக, ஒரே கூரையின் கீழ் நான், பத்துப் பன்னிரண்டு கோழிகள், மழை வந்தால் ஒரு வெள்ளாடு. மூன்று தரப்பில் நான் குளிப்பது மட்டும்தான் வித்தியாசம், அதுவும் தினமும் இல்லை.

கூண்டை மாமா கம்பெனியில் கழித்துவிட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டு அடித்திருந்தார். இந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்று அம்புக்குறி போட்ட பலகைகள். மாமா அடித்த அடியில் எல்லா அம்பும் பூமியைக் காட்டும். கேட்டால், "கோயிக்குப் படிக்கத் தெரியுமா மச்சான்? உனுக்கே தெரியாது" என்பார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு செவலைச் சேவல். அதன் காலில் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருக்கும். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே போய்விட்டது. இரண்டாவது வயிற்றிலேயே போனது. மூன்றாவது தங்கியதும், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஊர் எல்லையில் இருக்கிற அம்மனுக்கு இதே சேவலைக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டிவிட்டாள். அப்படி நேர்ந்துவிட்டதை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, அடிக்கக்கூடாது. உடம்பில் ஒரு கீறல் படக்கூடாது. குறைபட்டதை அம்மன் வாங்கமாட்டாள்.

இந்தச் சட்டமெல்லாம் அந்தச் சேவலுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என் தட்டில் ஏறி நின்று சோறு தின்னும். என் கம்பெனிக் காக்கிச் சட்டை அதற்கு ஆகவே ஆகாது. காலையில் ஷிஃப்டுக்குச் சைக்கிளை எடுத்தால் கெண்டைக்காலைக் குறிபார்த்துத் துரத்தும். கம்பெனியில் சூப்பர்வைசர், வீட்டில் இது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் செருப்பைத் தூக்கினேன். அக்கா ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"டேய், அது என் புள்ளடா. அத்த அடிச்சன்னு வெச்சுக்க, சோறு கெடையாது."

"உன் புள்ள என் காலக் கொத்துதுக்கா."

"மாமன் கால்தான, கொத்தட்டும்."

அவள் சிரித்து நான் பார்த்தது பெரும்பாலும் அந்த மாசங்களில்தான். சாயங்காலம் கூண்டை மூடுவதற்கு முன் அந்தச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு கை சேவல்மேல், ஒரு கை வயிற்றின்மேல்.

கோடை தொடங்கும்போது பூந்தமல்லிப் பக்கம் கோழிகளுக்குக் கழிச்சல் என்று பேச்சு வந்தது. பிறகு குமணன்சாவடியில் என்றார்கள். நூம்பலுக்கு அது எட்டுவதற்குள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒரு விடியற்காலையில் சைக்கிளில் வந்துவிட்டார். கோழிகளைத் திறந்துவிட்டால் பிடிக்கமுடியாது என்பதால் கூண்டு திறக்கும் முன்பே வருவார்கள். ஹேண்டில்பாரில் ஐஸ் போட்ட பிளாஸ்க், அதற்குள் மருந்து. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, அவர் இறக்கையைத் தூக்கி ஊசி போட்டார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் தன் கோழிகளைக் கூடையில் போட்டு எடுத்துவந்து வரிசையில் நின்றாள். கடைசியாகச் செவலையைப் பிடித்தேன்.

"அத்த வுடு" என்றாள் அக்கா. "அதுக்கு வேணாம்."

"ஏம்மா, அதுக்கு மட்டும் நோவு வராதா?" என்றார் கம்பவுண்டர்.

"நேந்து வுட்டதுங்க. ஊசி குத்தக்கூடாது. ரத்தம் வந்துடும்."

"ஒரு சொட்டு வராதும்மா. ஐஸ் கரையுது, சீக்கிரம் சொல்லு."

"இன்னாடி நீ, மனுசனே ஊசி போட்டுக்கினு கோயிலுக்குப் போறான்" என்றாள் ஸ்டெல்லா அக்கா.

"உனுக்குத் தெரியாது ஸ்டெல்லா. கொற வெச்சுக் குடுத்தா அவளும் கொற வெச்சுத்தான் குடுப்பா."

கம்பவுண்டர் பிளாஸ்க்கை மூடினார். பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா வாய் கொப்பளிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் யார் என்ன சொல்வது? நான் செவலையைக் கீழே விட்டேன். விட்டதும் முறைப்படி என் காலில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு நடந்தது.

கழிச்சல் வந்தபோது தெருவே நாறியது. ஊசி போடாத வீடுகளில் காலையில் கூண்டைத் திறந்தால் ஒன்றும் வெளியே வராது. குட்டை ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நாய்கள் இழுத்துக்கொண்டு திரிந்தன. எங்கள் கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டு சாதாரணமாக மேய்ந்தன. செவலை மட்டும் ஒருநாள் என் சைக்கிளைத் துரத்தவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தேன். சுவரோரம் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. கீழே பச்சையாகக் கழிந்திருந்தது.

அக்கா அதை வீட்டுக்குள் கொண்டுபோனாள். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் எல்லாம் அரைத்து உருண்டை பிடித்து வாயைப் பிளந்து ஊட்டினாள். தனக்குக் கொடுத்த பாலை அதற்குக் கொடுத்தாள். அவளுக்கு மாசம் நெருங்கியிருந்தது, குனியவே முடியாது. தரையில் படுத்துக்கொண்டே அதன் கழுத்தை ஏந்திப் பிடித்திருப்பாள். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே வந்தது.

"தோ பாரு" என்றார் மாமா. "உசுரோட கீறப்பவே கோயிலாண்ட எட்டுக்கினு பூடலாம். முன்னாடியே குடுத்தா இன்னா, கோச்சுக்கவா போறா?"

"புள்ள பொறந்தப்புறம்னு சொல்லிக்கீறேன்யா."

"பொறக்கறதுக்குள்ள இது செத்துப் பூட்டா?"

அக்கா எழுந்து தலையை வாரிக்கொண்டாள்.

சேவலைக் கூடையில் வைத்து என் சைக்கிள் கேரியரில் கட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான், கூடைமேல் கை வைத்தபடி அக்கா, முன்னால் மாமா. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பலி கொடுப்பதற்கு முன் மஞ்சத்தண்ணீர் தெளிப்பார்கள். ஆடோ கோழியோ உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால், சிலுப்புகிறவரைக்கும் காத்திருக்கவேண்டும். பூசாரி எதுவும் கேட்காமல் சொம்பை எடுத்தார். தண்ணீர் பட்டதும் செவலையின் உடம்பெல்லாம் நடுங்கியது. தலை வெடவெடவென்று ஆடியது.

"குடுத்துட்டா!" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தியாடா, உத்தரவு குடுத்துட்டா!"

பூசாரி சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கம் நிற்கவில்லை. உத்தரவு என்றால் ஒரு சிலுப்பு, நின்றுவிடும். இது ஆடிக்கொண்டே இருந்தது.

"இது உத்தரவு இல்லம்மா" என்றார். "சீக்கு. சீக்குக் கோயிய அவளுக்கு அறுக்கமாட்டேன். ஊட்டுக்கு எட்டுக்கினு போங்க."

மாமா கெஞ்சினார். அக்கா கெஞ்சவில்லை. கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு கூடையை மூடினாள். திரும்பும் வழியில் கூடைக்குள் படபடப்பு கேட்டுக்கொண்டே வந்தது, ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அக்கா கையை எடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு கோணங்கித்தனம் பண்ணுகிறவன் நான். கம்பெனியில் என் பெயரே கோமாளிதான். அன்று வீடு வரைக்கும் சைக்கிள் பள்ளத்தில் இறங்காமல் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். முருங்கை மரத்தடியில் குழி தோண்டினோம். மஞ்சள் துணியை அவிழ்க்கலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் மாமா எங்கோ தேடி இன்னொரு செவலைச் சேவல் வாங்கிவந்தார். பழையதைவிடப் பெரியது, பளபளவென்று இருந்தது. அக்கா அதற்குத் தீனி வைத்தாள், தண்ணீர் வைத்தாள். துணி கட்டவில்லை.

குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண். மஞ்சள் பூத்துப்போய்ப் பிறந்து, சாயங்காலமே போய்விட்டது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார்: அக்காவின் ரத்தமும் மாமாவின் ரத்தமும் வேறு வேறு வகை, பிள்ளைக்கு அப்பாவின் ரத்தம் வந்துவிட்டால், முதல் பிரசவத்துக்குப் பிறகு அம்மாவின் உடம்பே அதை அழித்துவிடுகிறது, யார்மேலும் தப்பில்லை. மாமா தலையைத் தலையை ஆட்டினார். கட்டிலில் இருந்த அக்காவுக்கும் எல்லாம் கேட்டது. டாக்டரம்மா போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அதுக்கு ஊசி போட வுட்டுருக்கணும்டா."

"அக்கா, டாக்டரம்மா இன்னா சொன்னாங்கன்னு கேட்டியா இல்லியா? ரத்தம்க்கா."

"கேட்டேன், கேட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ வருஷம் இருந்தாள். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. கோழிகளுக்கும் எப்போதும்போலத் தீனி வைத்தாள், சாம்பல் போட்டுக் கூண்டைக் கூட்டினாள். ஆனால் எந்தக் கோழியையும் மறுபடி அடை வைக்கவில்லை. முட்டைகளை அன்றன்றைக்கே எடுத்துவிடுவாள். "உன் பெட்ட அடைக்குக் கேறிக்கினே கீதே, என் முட்டையில நாலு தரேன், வெச்சுப் பாரேன்" என்று ஸ்டெல்லா அக்கா ஒருநாள் கேட்டாள். "வேணாம் ஸ்டெல்லா" என்றாள் அக்கா, அவ்வளவுதான்.

குஞ்சு இல்லாத கூண்டு தானாகக் குறையும். ஒன்று கிழடாகிச் செத்தது, ஒன்றை நாய் பிடித்தது, ஒன்று விருந்தாளிக்குப் போனது. எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு போன பிறகு ஒருமுறை வந்தபோது, ஒரே ஒரு கிழட்டுப் பெட்டைதான் மிச்சம். இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி. கொல்லை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அக்காவும் இல்லை, மாமாவும் இல்லை. நூம்பலில் அடுக்குமாடி வந்ததால்தான் கோழி வளர்ப்பு போயிற்று என்று யாராவது சொன்னால் நானும் ஆமாம் என்று சொல்லிவைப்பேன். நான் வந்த அன்று அந்தக் கிழட்டுப் பெட்டை கூண்டு மூலையில், முட்டை ஒன்றும் இல்லாத வெறும் வைக்கோல்மேல், யார் கிட்ட வந்தாலும் சீறிக்கொண்டு அடை உட்கார்ந்திருந்தது. அக்கா அதை எழுப்பவில்லை. எட்டுகிற தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.