பத்மாவதியின் பற்றரி

பத்மாவதி செத்துப்போனாள் என்று சாவகச்சேரிக்குச் செய்தி போனபோது, அவள் தெல்லிப்பழையில் தன் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல மத்தியானத்தோடு அவளுடைய போனில் சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது. சுவிஸிலிருந்து மகன் கோகுலன் அடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தில்லைநாதனைப் போய்ப் பார்க்கச் சொன்னான். அவர் படலையடியில் நின்று கூப்பிட்டார். கிணற்றடியில் மோட்டர் இரைந்ததில் அவளுக்குக் கேட்கவில்லை. "சத்தம் சலனத்தைக் காணேல்லை" என்று சாவகச்சேரியில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை இராசமலருக்குப் போனில் சொன்னார். மிச்சத்தை இராசமலர் தானே முடிவுகட்டி, வெள்ளைச் சீலையோடு பஸ் ஏறிவிட்டாள். பிறகு பத்மாவதி வெளியே வந்ததைக் கண்ட தில்லைநாதனுக்கு, அதை இராசமலருக்குத் திருப்பி அடித்துச் சொல்ல நினைவு வரவில்லை.

இராசமலர் ஒழுங்கை முகப்பிலேயே அழத் தொடங்கிவிட்டாள். பத்மாவதி படலையைத் திறந்தாள்.

"அக்கா, இருக்கிறியளோ?"

"இருக்கிறன். வந்தது வந்திட்டாய், சாப்பிட்டிட்டுப் போ. முதல்ல அந்தச் சீலையை மாத்து."

போன் மறுபடி உயிர்பெற்றதும் கோகுலன் அடித்தான். "இன்னொருக்கால் உங்கடை போன் நிண்டால், நான் வந்து உங்களை முதியோர் இல்லத்திலை சேர்த்துப்போட்டுத்தான் போவன், அம்மா."

சண்டை நேரம், புருசன் போன பிறகு இந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளாலிக் கடல் கடந்தவள் அவள். அப்போது போனும் இல்லை, எங்கே நிற்கிறாய் என்று கேட்க ஆளும் இல்லை. ஆமி காணியை விட்டதும் பற்றை வெட்டி, இருந்த சுவரின்மேல் கூரை போட்டு வந்து இருந்தவளும் அவள்தான். அந்த வீட்டை ஒரு போன் பற்றரிக்காக விடுவதா?

இதற்கு முதலும் அவள் செய்யாதது இல்லை. போன் வெளிச்சத்தைக் குறைத்துக் கண்ணை இடுக்கி வாசித்தாள். விடியற்காலையில் அதில் தேவாரம் போடுவதைக்கூட விட்டாள். அப்படியும் போன் மத்தியானத்தைத் தாண்டவில்லை. மறுநாள் சுன்னாகத்தில் றெஜினாவின் போன் கடைக்குப் போனாள்.

றெஜினா போனைத் தட்டிப் பார்த்தாள். "பற்றரியிலை பிழை இல்லை, அன்ரி. நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒண்டைப் போட்டு வைச்சிருக்கினம். அதுதான் திண்டு முடிக்குது."

போன வருசம் வந்தபோது கோகுலன் போட்டது என்று பத்மாவதி சொன்னாள்.

"எடுத்துவிடு."

"மகனை ஒருக்கால் கேட்டிட்டு..."

"போன் ஆரின்ரை? என்ரைதானே?"

றெஜினா சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் விடிய வீட்டில் தேவாரம் கேட்டது. பொழுதுபடக் கோகுலன் அடித்தபோது பற்றரியில் பாதிக்குமேல் இருந்தது.

"அம்மா, நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு எனக்குக் காட்டுதில்லை."

"காட்டாது. நான்தான் எடுத்துவிட்டனான். உன்ரை காவல்தான் பற்றரியைத் திண்டது. அதாலைதான் இராசமலர் செத்தவீட்டுக்கு வந்தவள்."

"உங்களுக்கு ஒண்டு நடந்தால் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன் அடி, எடுப்பன். இனி நிக்காது. நான் சந்தைக்குப் போனனோ கோயிலுக்குப் போனனோ எண்டது உனக்கு வேண்டாம்."

"அப்ப அந்த இல்லத்துக் கதை..."

"அதுக்குப் போன் நிக்கோணும் எண்டு சொன்னது நீதானே. நிண்டால் வா, கதைப்பம்."

அவன் இன்னும் ஏதோ இழுத்தான்.

"சரி, வைக்கிறன்" என்றாள் பத்மாவதி. "பற்றரி கிடக்கு. எனக்குத்தான் நேரமில்லை."